‘குவாக்மயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சேறு என்று பொருள் சொன்னால் போதாதா?

போதாது. நாற்று நடும் வயலிலும் சேறுதான். நாள் முழுக்க அதில் நின்று வேலை செய்கிறோம், பயமில்லை. குவாக்மயர் பயப்பட வேண்டிய இடம். ‘குவாக்’ என்பது மிதித்தால் அதிர்கிற நிலம், ‘மயர்’ சேறு. மேலே புல்லும் பாசியுமாகத் தரை போலவே தெரியும்.

எங்கள் வேலூர்ப் பக்கத்து ஏரிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பங்குனி வாக்கில் தண்ணீர் வடிந்ததும் உள்வாயில் மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும், அடியில் வண்டல் கொழகொழவென்று இருக்கும். மேய வந்த மாடு இறங்கிவிட்டால் பாவம், ஒரு காலை உருவ மற்ற காலை ஊன்றும். ஊன்றிய கால் இன்னும் ஆழம் போகும். காலுக்கு அடியில் காற்றோ நீரோ சட்டென்று புக வழியில்லாததால் சேறு கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வெறும் பலத்தால் இழுத்தால் மாட்டுக்குத்தான் காயம். சுற்றிலும் மண்ணைத் தோண்டித் தளர்த்திய பிறகே கயிறு போட வேண்டும்.

முயற்சியே ஆளை அமிழ்த்தும் என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். வியட்நாம் போரை அமெரிக்கர்கள் இப்படிச் சொன்னதும் அதனால்தான். 1965இல் தரைப்படையை இறக்கினார்கள். 1968இல் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். வெளியே வர 1973 ஆகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? எனக்குப் பிடித்த பதில் குறளில் இருக்கிறது. இடனறிதலில், 500ஆம் குறள்:

காலாழ் களரின் நரியடும் கண்ணஞ்சா
வேலாள் முகத்த களிறு.

வேல்வீரர்களை எதிர்த்து நின்ற யானை, கால் புதையும் நிலத்தில் மாட்டிக்கொண்டால் நரியே கொன்றுவிடும். என்ன ஒரு காட்சி! ஆனால் இன்று எங்கள் ஊரில் களர் என்றால் பயிர் ஏறாத உப்பு மண். வள்ளுவரே 406ஆம் குறளில் ‘பயவாக் களர்’ என்று விளையாத நிலத்தைத்தான் சொல்கிறார். அதனால் களர் என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வரும். உளை என்பது சேற்றுக்கு நல்ல பழைய சொல், ‘உளைச்சேறு’ என்று எழுதலாம். ‘புதைகுழி’ எனக்கு ஒப்பவில்லை, குழி என்றால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், ஸ்வாம்ப், மார்ஷ் என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டும் வெறும் சதுப்பு நிலவகைப் பெயர்கள். பிச்சாவரம் போல மரம் நின்றால் முன்னது, பள்ளிக்கரணை போலக் கோரையும் புல்லும் என்றால் பின்னது.

குவாக்மயரைக் கண்ட தொல்லைக்கெல்லாம் போடாதீர்கள். கடன் இருப்பது குவாக்மயர் ஆகாது. வட்டி கட்டப் புதுக்கடன், அதன் வட்டிக்கு இன்னொரு கடன் என்று போனால் அங்கே தாராளமாகப் போடலாம்.