புதுப் புத்தகம் அலமாரிக்குப் போகும் முன்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். முன்னாள் மாணவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் இந்த ஆண்டு புத்தகக் காட்சியில் சுமார் 400 நூல்கள் வாங்கியிருக்கிறோம். போன முறை வந்த நூல்களுக்குத் தாளில் எண் எழுதிக் கோந்து தடவி முதுகில் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன. செலோ டேப் போட்டவை மஞ்சளாகிப் பிசுபிசுக்கின்றன. எந்த எண் எழுதுவது என்பதிலும் குழப்பம். டியூயி பகுப்பு முறையில் எந்தத் தமிழ் நாவலை எடுத்தாலும் 894.8113 என்றே வருகிறது. எங்கிருந்து தொடங்குவது? மாணவர்களை உதவிக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம். உதிர்ந்ததற்கு உங்கள் கைவேலை காரணமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் தமிழ் நூல்களில் பெரும்பாலானவற்றின் அட்டைமேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. லேமினேஷன் என்கிறோமே, அதுதான். பளபளப்பாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். கோந்து, மைதாப் பசை, ஃபெவிகால் எல்லாம் தண்ணீரில் கரைந்த பசைகள். தாளுக்குள்ளும் துணிக்குள்ளும் ஊறிப் பிடிப்பதுதான் அவற்றின் குணம். பிளாஸ்டிக்கில் ஊற இடமில்லை. மேலே காய்ந்து பொருக்காக நிற்கும், நாலு பேர் கைபட்டதும் கழன்றுவிடும். எனவே லேமினேஷன் அட்டைக்கு, பின்தாளை உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் வகை. காலிகோ துணி பைண்டிங்குக்கும் லேமினேஷன் இல்லாத அட்டைக்கும் தாளும் ஃபெவிகாலும். இந்த ஒரு பிரிவினையைச் செய்தாலே உங்கள் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆனால் ஒட்டும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும்போதே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். முத்திரை விழுந்த புத்தகத்தை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். நான் நூலக வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்த கட்டுகளைப் பிரித்த கையோடு முத்திரை குத்தி முடித்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு அகராதியில் பதினாறு பக்கம் இல்லை என்று தெரிந்தது. அந்த அகராதி கடைசி வரை அப்படியேதான் அலமாரியில் இருந்தது. அந்தப் பதினாறு பக்கத்துச் சொல்லைத் தேடி வந்த ஒவ்வொரு பிள்ளையையும் வேறு புத்தகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அச்சுத்தாள் ஒன்றை மடித்தால் வருவது ஒரு பாரம். பொதுவாக எட்டு அல்லது பதினாறு பக்கம். தவறு நேர்ந்தால் பாரம் பாரமாகத்தான் நேரும். ஒரு பாரம் விடுபட்டிருக்கும், இரண்டு முறை சேர்ந்திருக்கும், தலைகீழாகத் தைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கமாக எண்ண வேண்டாம். கட்டைவிரலால் வேகமாகத் தள்ளி, பக்க எண் எங்கே குதிக்கிறது, எங்கே வெள்ளையாக நிற்கிறது என்று பார்த்தால் போதும். மாணவர்களுக்கு ஏற்ற வேலை இது. பெரியவர்களைவிடக் கூர்மையாகச் செய்வார்கள்.

கூடவே இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகத்தை நடுவில் படாரென்று பிளந்தால் முதுகு உடையும். மேசைமேல் முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தி, முன்னட்டையையும் பின்னட்டையையும் விரித்து, முன்னால் இருந்து சில தாள், பின்னால் இருந்து சில தாள் என்று மாறி மாறி இறக்கி, உள்மடிப்பில் விரலால் மெல்ல நீவிவிட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தப் புத்தகத்தின் ஆயுளே அதில் இருக்கிறது.

பில்லோடு ஒத்துப் பார்த்துச் சரியாக இருந்தால், பதிவேடு. ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனிச் சேர்க்கை எண். ஒரே நூலில் மூன்று பிரதி வாங்கியிருந்தால் மூன்று எண். ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். பழைய பதிவேட்டில் கடைசி எண் எதுவோ அதற்கு அடுத்ததிலிருந்து தொடருங்கள். தொலைந்துபோன நூலின் எண்ணைப் புதிய நூலுக்குக் கொடுக்கவே கூடாது. எந்த எண் முதல் எந்த எண் வரை பதிந்தீர்கள் என்பதைப் பில்லின் பின்புறம் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால், தணிக்கையின்போது பதற வேண்டியிருக்காது. இந்த எழுத்து வேலையை ஒருவரே செய்யுங்கள். பல கையெழுத்து கலந்த பதிவேட்டில் 1 எது, 7 எது என்று பின்னால் வருபவர் திண்டாடுவார்.

அடுத்தது முத்திரை. தலைப்புப் பக்கத்தின் அடியில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, ரகசியப் பக்கத்தில் ஒன்று. ரகசியப் பக்கம் என்பது உங்கள் நூலகம் மட்டும் அறிந்த ஒரு பக்க எண். அட்டையும் முதல் தாளும் கிழிந்துபோனாலும் அங்கே உள்ள முத்திரையும் சேர்க்கை எண்ணும் புத்தகத்தை வீடு சேர்க்கும். பள்ளி நூலகத்தில் ஒல்லியான புத்தகங்கள் அதிகம், ஆகவே 51, 75 என்று பெரிய எண்ணை வைத்தால் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. இருபதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முத்திரை எழுத்தின் மேலோ படத்தின் மேலோ விழக் கூடாது. படப் புத்தகங்களின் வழவழப்பான தாளில் மை லேசில் காயாது. இடையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து மூடுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், அதன் மை இந்தப் பக்கத்தில் ஏறிவிடும்.

இனி எண். நீங்கள் சொல்லும் குழப்பம் நியாயமானது. நூல்களைப் பொருள்வாரியாக எண்களால் பிரிக்கும் தன் பகுப்பு முறையை 1876-இல் மெல்வில் டியூயி முதலில் வெளியிட்டபோது, தமிழ் நாவல்கள் நிறைந்த ஒரு பள்ளி அறை அவர் மனத்தில் இருந்திருக்காது. இன்றைய டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, அதற்குப் பின் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை. பெரிய நூலகத்துக்கு இது வேண்டும். உங்கள் அறையில் பாதிப் புத்தகம் தமிழ்க் கதையாகவே இருக்கும் என்றால், ஏழு இலக்கத்தை ஒவ்வொரு முதுகிலும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. தம் மொழி இலக்கியத்துக்கு எழுத்துக் குறியீடு கொடுத்துக் கையாள டியூயி முறையே வழி விடுகிறது. நாவலுக்கு 'நா', சிறுகதைக்கு 'சிறு', கவிதைக்கு 'கவி', நாடகத்துக்கு 'நாட', சிறுவர் கதைக்குத் தனி நிறச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு டியூயி மூன்று இலக்கம்: கணிதம் 510, வானியல் 520, மருத்துவம் 610. ஒரு பொருளில் முப்பது, நாற்பது நூல் சேர்ந்த பிறகு புள்ளிக்குப் பின்னால் நீட்டிக்கொள்ளலாம். அப்படி நீட்டும்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தசமமாகப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 615.53 முதலில் வரும், 615.8 பிறகு. எட்டைவிட ஐம்பத்துமூன்று பெரிது என்று மாற்றி அடுக்கிவிடுவார்கள்.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது ஆசிரியர் குறியை. எல்லா நாவலுக்கும் ஒரே குறி வருகிறதே என்று கேட்டீர்கள். நாவலை நாவலிலிருந்து பிரிப்பதே ஆசிரியர் பெயர்தான். அதில் தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து இருக்கிறது. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எடுங்கள். கி. ராஜநாராயணன் என்றால் 'ராஜ', தி. ஜானகிராமன் என்றால் 'ஜான'. 'ராஜ' என்று ஒரு நாளும் 'கி. ரா.' என்று இன்னொரு நாளும் எழுதினால் ராஜநாராயணன் புத்தகங்கள் அலமாரியில் இரண்டு இடத்தில் நிற்கும். புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வையுங்கள். புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று தேடி எந்த மாணவரும் வரப்போவதில்லை. மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியர் பெயர். அகரவரிசையில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை 'ன' வரிசைக்கும் பின்னால் வரும்; 'ஜான' வரிசையின் கடைசியில் நிற்பது தவறில்லை. இந்த முடிவுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்தால், அடுத்து வரும் ஆசிரியருக்கு அந்த நோட்டுதான் கைவிளக்கு.

இப்போது சீட்டு ஒட்டுவோம். மேல் வரியில் பொருள் எண் அல்லது குறி, அடுத்த வரியில் ஆசிரியர் குறி, தேவைப்பட்டால் மூன்றாவது வரியில் பாகமும் பிரதியும். பாகம், பிரதி இரண்டையும் 'ப' என்று சுருக்கினால் வம்பு, 'பா.2', 'பிர.2' என்று எழுதுங்கள். கடையில் கிடைக்கும் ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டை வாங்கி, ஒன்றேகால் அங்குலச் சதுரங்களாக லேசர் பிரிண்டரில் அச்சிடுவது நல்லது. இங்க்ஜெட் அச்சு வியர்வைக் கை பட்டாலே கரையும். கையால் எழுதுவதென்றால் தண்ணீரில் கரையாத மையுள்ள மெல்லிய மார்க்கர் போதும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

முதுகின் அடியிலிருந்து ஒரு அங்குலம் விட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளக்காமல், கெட்டி அட்டையில் ஒரு அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டிக்கொண்டு, அதை மேசையில் புத்தகத்தின் அடியோடு சேர்த்து வைத்து, அதன் மேல்விளிம்பில் சீட்டை உட்கார வையுங்கள். எல்லாச் சீட்டும் ஒரே கோட்டில் இருந்தால், தேடுபவரின் கண் ஒரு பலகையை ஒரே ஓட்டத்தில் கடந்துவிடும். சீர்காழியில் பிறந்த நம் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த விதி நடைமுறையில் என்ன என்று கேட்டால் நான் இந்த ஒரு அங்குலப் பட்டையைத்தான் காட்டுவேன். அரை மணி நேர இடைவேளையில் ஓடிவரும் பிள்ளைக்கு, பத்து நிமிடம் தேடிக் கிடைக்காத புத்தகம் நூலகத்தில் இல்லாத புத்தகம்தான்.

ஒட்டும் இடத்தை முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். சாக்பீஸ் தூளும் புத்தகக் காட்சித் தூசியும் ஸ்டிக்கரின் பகைவர்கள். ஒட்டியபின் ஒரு கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். தேய்த்தால்தான் அந்தப் பசை பிடிக்கும். ஓரங்கள் முதுகின் விளிம்பில் முடிந்தால் கைபட்டு எழும்பும். இரு பக்கமும் அட்டைமேல் சிறிது மடிந்து படிய வேண்டும். முதுகே இல்லாத, 32, 48 பக்கமுள்ள, ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகங்களுக்கு முன்னட்டையின் கீழ்மூலையில், முதுகை ஒட்டிய பக்கமாக ஒட்டுங்கள். அவற்றைப் பலகையில் நிறுத்தாமல் தட்டுப்பெட்டியில் அட்டை தெரிய அடுக்கினால் சிறு பிள்ளைகள் தாமே புரட்டி எடுப்பார்கள்.

துணி பைண்டிங்கில் ஒட்டும் தாளுக்கு ஃபெவிகாலைச் சிறிது தண்ணீர் கலந்து மெல்லியதாகத் தடவுங்கள். மைதாப் பசை மலிவு என்று சிலர் சொல்வார்கள். அது கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. அதைத் தடுக்கப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

மஞ்சளான செலோ டேப் விஷயம். அந்தப் பசை காற்றுபட்டு, வெயில்பட்டுப் பழுத்து, ஓரங்களில் கசியும். பிறகு படலம் மட்டும் உரிந்துபோய்க் கறை நிற்கும். இன்னும் முற்றாதவற்றை இப்போதே மெதுவாக உரித்துவிடுங்கள். லேமினேஷன் அட்டையில் பிசுக்கு மிஞ்சினால் பஞ்சில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் தொட்டுத் துடைக்கலாம். எண்ணெய்த்தன்மை போகும்வரை உலர்ந்த துணியால் மறுபடி துடைத்த பிறகே புதுச் சீட்டு. தாள் அட்டையிலும் துணியிலும் தைலம் படக் கூடாது, ஊறிக் கறையாகிவிடும். அவற்றில் பசைக் கறை இருந்தால் அதை மூடுகிற மாதிரி சற்றுப் பெரிய சீட்டை ஒட்டிவிடுங்கள். சீட்டுக்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் பாடநூலுக்கு அட்டை போட விற்கும் ஒட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷீட்டைச் சீட்டைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டி ஒட்டலாம். எல்லாப் புத்தகத்துக்கும் வேண்டாம். பிள்ளைகள் அதிகம் எடுக்கும் படக்கதை, விடுகதை, அறிவியல் சோதனை நூல்களுக்குப் போதும்.

இரவல் தேதியைக் குறிக்கும் தேதிச் சீட்டைப் பின்னட்டைக்கு முந்தைய வெற்றுத் தாளில், மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். நிரம்பியதும் கிழித்து மாற்ற எளிது.

கணினி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தேசியத் தகவல் மையத்தின் இ-கிரந்தாலயா, இலவசமாகக் கிடைக்கும் கோஹா போன்ற மென்பொருள்கள் நூலகங்களுக்கென்றே இருக்கின்றன. 400 புத்தகத்துக்கு முதலில் ஒரு எக்ஸெல் பட்டியல் போதுமானது. சேர்க்கை எண், தலைப்பு, ஆசிரியர், குறி என்ற நான்கு பத்தியையும் யூனிகோட் தமிழில் அடித்து வைத்தால், பின்னால் எந்த மென்பொருளுக்குப் போனாலும் அதை அப்படியே கொண்டுபோகலாம்.

மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் சரிபார்ப்பது, துடைப்பது, கரண்டியால் தேய்ப்பது, தேதிச் சீட்டு ஒட்டுவது அவர்களுக்கு. பதிவேடு, எண் போடுவது, முத்திரை உங்களுக்கு. நான்கு மாணவர்களோடு ஒரு மதியம் உட்கார்ந்தால் நாற்பது புத்தகம் முடியும். எல்லாம் முடியட்டும் என்று 400 புத்தகத்தையும் பூட்டி வைக்காதீர்கள். முடிந்த நாற்பதை அன்றைக்கே வெளியே வையுங்கள், அட்டை முகம் தெரியும்படி வாசலருகே ஒரு பெஞ்சில். இரண்டு வாரம் கழித்து அவை தத்தம் இடத்துக்குப் போகட்டும். அதற்காக ஒவ்வொரு பலகையிலும் இப்போதே கால்வாசி இடம் காலியாக விட்டு அடுக்குங்கள். இறுக்கி அடைத்த வரிசையிலிருந்து பிள்ளைகள் முதுகின் தலையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள், அங்கேதான் பைண்டிங் முதலில் விடும்.