ஆங்கிலத்தில் கிறுக்குத்தனமான ஆளை ஏன் ‘ஃப்ரூட் கேக்’ என்கிறார்கள்?

‘ஃப்ரூட்’ என்று இருப்பதால் எல்லோரும் பழத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கம் தேடுகிறார்கள். இந்தக் கேலிக்கு மூலம் பழம் அல்ல, கேக்குக்குள் கிடக்கும் கொட்டை.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் ‘நட்’ என்றால் தலை. புத்தி பிசகியவரை ‘ஆஃப் ஹிஸ் நட்’ என்றார்கள். நாளடைவில் ‘நட்டி’ என்றாலே கிறுக்கு என்று ஆகிவிட்டது. (நாம் ‘நட்டு கழன்றவன்’ என்கிறோமே, அது போல்ட்டோடு சேர்ந்த இரும்பு நட்டு, இது வேறு.) கொட்டை நிறைந்த பண்டத்துக்கும் அதே ‘நட்டி’தான். சிலேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் ‘நட்டி அஸ் எ ஃப்ரூட் கேக்’ என்ற பேச்சு புழக்கத்துக்கு வந்தது. பின்னர் உவமை சுருங்கி, ஆளையே ஃப்ரூட் கேக் ஆக்கிவிட்டார்கள்.

நமக்கு இது சட்டென்று பிடிபடாததற்கு நம் பேக்கரிகளும் ஒரு காரணம். இங்கே ஃப்ரூட் கேக் என்று வாங்கினால் சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டிதான் தென்படும். அதுவும் பப்பாளிக்காயைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியது. அரை முந்திரி அகப்பட்டால் அன்று நரி முகத்தில் விழித்திருக்கிறோம் என்று அர்த்தம். அமெரிக்கத் தெற்குப் பகுதியின் கேக் அப்படியல்ல. டெக்சாஸில் கார்சிகானா என்ற ஊரில் 1896இல் தொடங்கிய பேக்கரி ஒன்று இதற்கே பேர் போனது. அங்கே கேக்கின் மேற்பரப்பு தெரியாத அளவுக்குப் பீக்கன் கொட்டைகளைப் பதித்திருப்பார்கள். வெட்டினால் உள்ளேயும் மாவைவிடக் கொட்டையும் செர்ரியும்தான் கண்ணில் படும். அதைப் பார்த்தவருக்கு இந்தக் கேலியை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களை இழிவுபடுத்தவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தப் பொருளில் மட்டும் ‘ஃப்ரூட்’ என்ற பாதிக்கு வேலை இருக்கிறது, அந்த ‘ஃப்ரூட்’டும் அவர்கள்மேல் வீசப்பட்ட பழைய வசவுதான். ஆகவே அமெரிக்க நண்பரிடம் விளையாட்டுக்குக்கூட இதைச் சொல்லாதீர்கள்.

பிரிட்டனில் இது பெரும்பாலும் ‘கொஞ்சம் மரை கழன்றவர்’ என்ற அளவிலேயே நிற்கும். ஆனால் அரசியலில் அதற்கும் விலை உண்டு. 2006இல், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன் வானொலிப் பேட்டி ஒன்றில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று கோரிய யூகிப் கட்சிக்காரர்களை ஃப்ரூட் கேக்குகள், பைத்தியங்கள், ஒளிந்திருக்கும் இனவெறியர்கள் என்று விளாசினார். அந்தக் கட்சியினர் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது அதே யூகிப். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் தோற்றுப் பிரதமர் பதவியை விட்டு இறங்கியவர் கேமரன்.