படம் நிஜமா, போலியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈசூன் வாசகர்: விரல்களை எண்ணிப் பார்த்தாலே ஏஐ படத்தைக் கண்டுபிடித்துவிடலாமாமே?

2023இல் ஓரளவு பலித்தது. வெள்ளை ஜாக்கெட் போட்ட போப் பிரான்சிஸ் என்று பரவிய ஏஐ படத்தில் கை சரியாக அமையவில்லை. உற்றுப் பார்த்தவர்கள் பிடித்துவிட்டார்கள். இப்போது விரல்கள் ஒழுங்காகவே வருகின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், நிஜ முகத்தையும் கணினி செய்த முகத்தையும் பிரிக்கச் சொன்னபோது மக்கள் சரியாகச் சொன்னது 48 விழுக்காடுதான். பூவா தலையா போட்டாலும் அவ்வளவு தேறும்.

செங்காங் வாசகி: மூத்த அமைச்சர் லீ சியன் லூங் முதலீட்டுத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைக்கும் வீடியோவை அப்பா அப்படியே நம்புகிறார். எப்படிப் புரியவைப்பது?

அப்பா மேல் தப்பில்லை. இப்படிப்பட்ட வீடியோக்களில் முகமும் பின்னணியும் பெரும்பாலும் நிஜம். எப்போதோ கொடுத்த பேட்டியை எடுத்து, குரலைப் போலியாகச் செய்து, அதற்கேற்ப உதட்டை அசைய வைக்கிறார்கள். பிரதமராக இருந்தபோதே, 2023 டிசம்பரில், இப்படி ஒரு வீடியோ பற்றி அவரே ஃபேஸ்புக்கில் எச்சரித்தார்.

அப்பாவுடன் உட்கார்ந்து 'ப', 'ம' ஒலிக்கும் இடங்களில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். உதடுகள் இரண்டும் ஒட்டியாக வேண்டும். போலியில் சில சமயம் ஒட்டாது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த வீடியோவில் உதடே மங்கலாகத்தான் தெரியும். ஒட்டிவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. அதனால் யார் போட்டது, லீயின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா, செய்தியில் வந்ததா என்று தேடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 1799க்கு அழையுங்கள். மோசடி பற்றி விசாரிப்பதற்கென்றே இருக்கும் எண் அது.

ஜூரோங் வாசகர்: முதலாளியே வீடியோ அழைப்பில் வந்து பணம் அனுப்பச் சொன்னால்?

துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஹாங்காங்கில் 2024இல் அரூப் நிறுவன ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் பார்த்த சக ஊழியர்கள் அத்தனை பேரும் போலி. போனது 200 மில்லியன் ஹாங்காங் டாலர்!

தெம்பனிஸ் வாசகி: ஏஐ படம் இல்லை என்று உறுதியானால் பகிரலாம்தானே?

வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் நான் அதிகம் பார்ப்பது, பழைய நிஜப் படத்தில் புதுக் கதையை ஒட்டியதைத்தான். எங்கோ எப்போதோ வந்த வெள்ளம் "இன்று காலை தேக்காவில்" என்று வரும். கார் எண்ணைப் பாருங்கள், சிங்கப்பூரில் பெரும்பாலும் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். அப்புறம் படத்தையே கொடுத்துத் தேட உதவும் கூகல் லென்ஸில் தேடுங்கள். முன்பே வெளியான படம் என்றால் பல நேரம் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் கொஞ்ச நேரம் பொறுங்கள். தேக்காவில் உண்மையிலேயே வெள்ளம் என்றால் செய்தியில் வராமலா போகும்?