43 இன்ச் டிவிக்கு எந்த அளவில் ஸ்டாண்டு செய்தால் ஹால் லட்சணமாக இருக்கும்?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான். திருநெல்வேலி டவுனில் பழைய வீடு, ஹால் பத்துக்குப் பதினாலு. இப்போது இருப்பது 43 இன்ச் டிவி, அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ 55 வாங்கும் எண்ணம். சுவரில் பழைய கடப்பாக்கல் ஷோகேஸ் இருக்கிறது, அதில் டிவி நுழையவில்லை. அப்பா அம்மா தரையில் பாய் போட்டுப் பார்ப்பார்கள், மற்றவர்கள் சோபாவில்.

என் பதில்: 6 அடி நீளம், 18 இன்ச் உயரம், 15½ இன்ச் ஆழம். இத்தோடு போதும் என்பவர்கள் ஆசாரியிடம் போய்விடலாம். ஏன் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு மரப்பட்டறைதான் பிழைப்பு. அப்பா காலத்தில் கட்டில், நிலை, சாமி அலமாரி என்று ஓடியது. இப்போது பாதி வேலை டிவி யூனிட்தான்.

முதலில் நீளம். கடையில் நான் அடிக்கடி கேட்கும் கணக்கு, "டிவி 43 இன்ச், அதனால ஸ்டாண்டும் 43 இன்ச் போதும்ல?" என்பதுதான். 43 என்பது மூலைக்கு மூலை அளவு. இப்போது வரும் டிவி எல்லாம் பெரும்பாலும் 16:9 விகிதம், அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. அதனால் மூலை அளவை 0.87ஆல் பெருக்கினால் திரையின் அகலம் வந்துவிடும், 0.49ஆல் பெருக்கினால் உயரம். 43 இன்ச் டிவிக்கு அகலம் சுமார் 37½, உயரம் 21. 55 இன்ச் என்றால் 48, 27. விளிம்புக்கு ஒரு அரை இன்ச், ஒரு இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டின் நீளத்தில் டிவி மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 43க்கு நாலேகால் அடியிலிருந்து நாலே முக்கால் அடி, 55க்கு ஆறடி, 65க்கு ஏழடி. நீங்கள் 55 வாங்கப் போகிறீர்கள் என்பதால்தான் ஆறடி சொன்னேன். அதுவரை 43 அதன் மேல் சற்றுச் சின்னதாகத் தெரியும். நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் ஒரு விளக்கோ பூந்தொட்டியோ வைத்தால் அந்தக் குறை தெரியாது. இதையே தலைகீழாகச் செய்தால் தப்பிக்க வழியில்லை. பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் 55 இன்ச் டிவியை மூன்றரை அடி மேசையில் வைத்திருந்தார்கள், குருவி தலையில் பனங்காய். டிவியின் இரண்டு காலும் மேசைக்கு வெளியே போனதால் மேலே ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். "அண்ணாச்சி, டிவியப் பெருசா எடுத்துட்டேனோ?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "டிவி சரிதான் அண்ணாச்சி, கீழ இருக்கதுதான் பத்தல" என்றேன். இணையத்தில் ஸ்டாண்டு வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். "55 இன்ச் வரை" என்று போட்டிருந்தால் அந்த டிவி அதில் விழாமல் நிற்கும் என்று அர்த்தம், பார்க்க நன்றாக இருக்கும் என்றல்ல. டிவியின் கால் முனைக்குக் கால் முனை எவ்வளவு என்பதையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரிய டிவிகளில் பலவற்றுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும்தான் இருக்கின்றன.

நீளத்துக்கு மேல்வரம்பும் உண்டு. சுவர் பத்தடி என்றால் ஆறரை அடிக்கு மேல் போகாதீர்கள். சுவரை முட்டிக்கொண்டு நிற்கும் யூனிட் ஹாலைச் சின்னதாக்கிவிடும்.

அடுத்தது உயரம். நம் பக்கம் பத்துக்கு எட்டு வீட்டில் கெடுவது இதில்தான்.

அதற்கு அந்தக் கடப்பாக்கல் ஷோகேஸே காரணம். எண்பது தொண்ணூறுகளில் கட்டிய வீடுகளில் ஹால் சுவரில் சிமென்ட்டும் கடப்பாக்கல்லும் வைத்து மாடம் மாடமாகப் பிரித்து, கண்ணாடிக் கதவு போட்டு, நடுவில் டிவிக்கென்று சதுரமாக ஓர் இடம் விடுவார்கள். அப்போதைய டிவி 4:3. குழாய் டிவி பின்பக்கம் பெருத்திருக்கும், 21 இன்ச் பெட்டியே இருபது கிலோவைத் தாண்டும், ஆகவே கல் தேவைப்பட்டது. 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தபோது வந்தது 14 இன்ச். அதுவும் அந்த மாடத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது. குழந்தை கை எட்டக்கூடாது, கீழே புத்தகம் வைக்க வேண்டும் என்று அந்த மாடத்தைத் தரையிலிருந்து மூன்றடி, மூன்றரை அடி உயரத்தில் அமைத்தார்கள். பிளக் பாயின்ட்டும் அந்த உயரத்தில்தான். ஷோகேஸை இடித்த பிறகும் பிளக் பாயின்ட் அங்கேயே நிற்கிறது. புது டிவி மாட்ட வருகிறவர் பிளக்கைப் பார்த்து, அதை மறைக்கிற மாதிரி நாலடி, ஐந்தடி உயரத்தில் ஆணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார். வீட்டார் அண்ணாந்து பார்த்துப் பழகிவிடுகிறார்கள். கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றிப் பார்ப்பார்கள், டிவியை இறக்க மாட்டார்கள்.

ஆகவே ஸ்டாண்டுக்கு முன்னால் உட்காருகிறவரை அளக்க வேண்டும். அப்பாவை வழக்கமாக உட்காரும் இடத்தில் பாயில் உட்காரச் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்காரச் சொல்லாதீர்கள், எப்போதும் போல உட்காரட்டும். சுவரில் சாய்கிறவர் என்றால் சாய்ந்துகொள்ளட்டும். தரையிலிருந்து அவர் கண் வரை டேப் பிடியுங்கள். 28, 30 இன்ச் வரும். அப்புறம் சோபாவில் உட்காருகிறவரின் கண்ணை அளந்தால் 38லிருந்து 42க்குள் வரும். இந்த இரண்டு கண்ணுக்கும் ஒரே டிவி. சோபாக் கணக்கை மட்டும் பார்த்தால் 24 இன்ச் ஸ்டாண்டுகூடச் சரிதான், கடையில் நிற்கும் ரெடிமேடு ஸ்டாண்டுகள் பலவும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பாயில் இருப்பவருக்கு அது உயரம்.

18 இன்ச் ஸ்டாண்டில் 43 இன்ச் டிவியை வைத்தால், டிவியின் காலுக்கு ஒரு மூன்று இன்ச் சேர்த்து, திரையின் நடுப்பகுதி 32 இன்ச்சில் வரும். பாயில் இருப்பவரின் கண்ணுக்கு இரண்டு மூன்று இன்ச்தான் மேலே. சோபாவில் இருப்பவரின் கண் திரையின் மேல்பாதியில் விழும், லேசாகக் கீழ்நோக்கிப் பார்ப்பதில் கழுத்துக்குச் சிரமமில்லை. பின்னால் 55 வந்தாலும் நடுப்பகுதி 35 இன்ச்சில்தான் நிற்கும், இருவருக்கும் ஒத்துவரும். இதையே 30 இன்ச் ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள், 55இன் மேல்விளிம்பு ஐந்தடியைத் தாண்டிவிடும். பாயில் இருப்பவர் தொடர் முடியும்வரை மோவாயைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை வராவிட்டால் பழைய செய்தித்தாளை டிவி அளவுக்கு ஒட்டி, டேப்பால் சுவரில் ஒட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். கீழே ஸ்டாண்டு வரும் அளவுக்குச் சாக்பீஸ் கோடு போடுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் தாள் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது என்று சொல்லியே தீருவார்கள். நின்றுகொண்டு சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஆழத்துக்கு வருவோம். டவுன், பேட்டைப் பக்கத்துப் பழைய தெரு வீடுகள் அகலம் குறைந்து நீளமாகப் போகும். வாசலும் புறவாசலும் பல வீடுகளில் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அதனால் குறுக்குச் சுவர் இரண்டிலும் கதவு, டிவிக்குக் கிடைப்பது நெடுஞ்சுவர்தான். உங்கள் பத்தடி அகலத்தில் சோபா மூன்றடி, ஸ்டாண்டு ஒன்றேகால் அடி போனால், நடுவில் ஐந்தே முக்கால் அடி. பாயும் போட்டு, அடுக்களைக்குப் போகிறவர் யாரையும் மிதிக்காமல் போகவும் வேண்டும். இரண்டடி ஆழத்தில் ஸ்டாண்டு செய்தால் அந்தப் பாதைதான் அடிபடும். 15½ இன்ச்சில் செட்டாப் பாக்ஸ், அதன் பின்னால் வயர், டிவியின் கால் எல்லாம் அடங்கிவிடும். பட்டறைக் கணக்கிலும் இது தோது. பிளைவுட் எட்டுக்கு நாலு அடியில் வருகிறது. நாலடியை மூன்றாகக் கிழித்தால் ரம்பம் தின்பது போக 15¾ மிஞ்சும், ஓரம் இழைக்க இரண்டு நூல், அதாவது கால் இன்ச், விட்டால் சரியாக வந்துவிடும். 18 இன்ச் ஆழம் கேட்டீர்களானால் ஒரு ஷீட்டில் இரண்டு துண்டு எடுத்ததும் ஓர் அடி வீணாக மிஞ்சும், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். சோபாவில் இருப்பவரின் கண்ணிலிருந்து திரை வரை சுமார் எட்டடி வரும். 43க்கு மட்டுமில்லை, 55க்கும் அது நல்ல தூரம்.

மரத்தைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை தாண்டி வந்த பிறகு ஜங்ஷன், வண்ணார்பேட்டைத் தெருக்களில் வீட்டுச் சாமான்கள் வெளியே கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு யூனிட்டுகள் ஓரம் உப்பி, ஸ்க்ரூ பிடிக்க வழியில்லாமல் உதிர்ந்துபோயின. பழைய தேக்குச் சாமான்கள் சேற்றைக் கழுவி நிழலில் உலர்த்தியதும் மறுபடி உள்ளே போய்விட்டன. வெள்ளம் தினமும் வருவதில்லை, ஆனால் வீடு துடைக்கிற தண்ணீர் தினமும் வருகிறது. பிளைவுட்டில் செய்தால் ஐஎஸ் 303 தரத்தில் பிடபிள்யூஆர் என்ற, தண்ணீரைத் தாங்கும் வகை; வசதியிருந்தால் ஐஎஸ் 710 தரம், அதாவது மரைன் பிளைவுட். முத்திரை பலகையிலேயே இருக்கும், கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. ஆறடி நீளத்துக்கு 18 மில்லிமீட்டர் பலகையை நடுவில் தாங்காமல் விட்டால் நாளாவட்டத்தில் தொய்யும், மூன்றடிக்கு ஒரு நிற்பலகை கொடுக்கச் சொல்லுங்கள். கீழே ஐந்து இன்ச் கால் வையுங்கள். வாரியல் போக வேண்டும், கரையான் ஏறினால் கண்ணில் பட வேண்டும். தரையோடு ஒட்டிய யூனிட்டில் கரையான் ஏறியது, பலகையைத் தட்டிப் பார்த்து டொக்கென்று கேட்கும்போதுதான் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைச் சொன்னால் எனக்கு ஒரு ஆர்டர் போகும். ஊரில் தாத்தா வீட்டுத் திண்ணையில் நீளமான தேக்குப் பெஞ்சு கிடந்தால் எடுத்து வாருங்கள். 17, 18 இன்ச் உயரம், ஐந்து ஆறடி நீளம், நம் கணக்குக்கு அப்படியே பொருந்தும். ஆழம் ஓர் அடிதான் இருக்கும், டிவியின் கால் முழுசாகப் பலகையில் பதிகிறதா என்று மட்டும் பாருங்கள். பதியாவிட்டால் டிவியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கீழே பெஞ்சு போடலாம். நான் செய்துகொடுக்கிற எந்த மைக்கா யூனிட்டையும் விட அது அழகு.

கதவு போடுவது உங்கள் இஷ்டம். ஆனி ஆடிக் காற்றில் புழுதி வீட்டுக்குள் வருகிறதென்று முழுக்க மூடச் சொல்வார்கள். மூடலாம், ஆனால் செட்டாப் பாக்ஸ் இருக்கும் அறைக்குக் கண்ணாடிக் கதவு வேண்டும், மரக்கதவைத் தாண்டிப் பெரும்பாலான ரிமோட் வேலை செய்யாது. பின்பலகையில் வயருக்கு இரண்டரை இன்ச் துளை போடச் சொல்லுங்கள். ஒரு இன்ச் துளையில் பிளக் நுழையாது, அப்புறம் வீட்டிலேயே யாராவது கத்தியை எடுப்பார்கள். மேலே நிற்கும் பழைய பிளக் பாயின்ட்டை ஸ்டாண்டுக்குப் பின்னால் வரும்படி கீழே இறக்க எலக்ட்ரீஷியனை முன்கூட்டியே கூப்பிடுங்கள், யூனிட் வந்த பிறகு அல்ல. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டிவியைப் பின்னாலிருந்து சுவரோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். டிராயரை ஏணியாக்கி ஏறுகிற வயசு அது.

தென்கிழக்கு மூலை, அக்னி மூலை என்று யாராவது வாஸ்து சொல்வார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வரக்கூடாது, சாயங்கால வெயில் திரையில் அடித்தால் படத்துக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். இதற்கு மேல் மூலையைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

ஆசாரியிடம் பேசும்போது மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. உங்கள் தெருவின் அகலத்தையும், நிலைக்கதவின் அகலத்தையும், நடையில் திருப்பம் இருந்தால் அதையும் அளந்து சொல்லுங்கள். ஆறடி யூனிட் நேர் நடையில் போய்விடும், திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் மூன்றடியில் இரண்டு பெட்டியாகச் செய்து, வீட்டுக்குள் கொண்டுவந்து போல்ட் போட்டுச் சேர்த்து, மேலே ஒரே பலகையாகப் பரப்பச் சொல்லுங்கள். பலகை மட்டும் என்றால் எந்தச் சந்திலும் நுழையும். நடுவில் நிற்பலகை இரட்டையாக வருவதால் தொய்வு என்ற பேச்சும் இருக்காது.