போலந்தின் 7டிபி டாங்கியை மாடலாகச் செய்ய எந்த ஆதாரங்களை நம்பலாம்?

1:35 அளவில் 7டிபி கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்களின் பெட்டி) வாங்கிவிட்டேன், ஜெர்மனி படையெடுத்த 1939 செப்டம்பரில் இருந்தபடியே செய்ய எதைப் பார்த்துச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் காலத்துப் புகைப்படங்கள். வரைபடம், புத்தகம், மியூசியம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏனென்றால் முழு 7டிபி ஒன்றுகூட இன்று மிச்சமில்லை, உதிரிப் பாகங்கள்தான் இருக்கின்றன. இணையத்தில் சுற்றும் வரைபடங்களில் பல, பழைய படங்களை வைத்துப் பிற்காலத்தில் யாரோ கணித்து வரைந்தவை. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் அப்படியே நகலெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

போலந்தின் தேசிய டிஜிட்டல் ஆவணக்காப்பகத்திலிருந்து தொடங்குங்கள். போருக்கு முந்தைய பத்திரிகைப் படங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், போலிஷ் எழுத்தில் தேடினால் நிறையக் கிடைக்கும். 1938 அக்டோபரில் போலந்துப் படை செக் எல்லையிலிருந்த டெஷென் பகுதிக்குள் நுழைந்தபோது எடுத்த 7டிபி படங்கள் அருமையானவை. வண்டி முழுசாக, ஆட்களோடு, வழக்கமான சாமான்களோடு நிற்கும்.

அடுத்தது 1939இல் ஜெர்மன் சிப்பாய்கள் தங்கள் சொந்தக் கேமராவில் எடுத்தவை. சாலையோரம் கைவிடப்பட்ட டாங்கியைக் கண்டால் ஆளாளுக்கு நின்று படம் எடுத்திருக்கிறார்கள், அதனால் ஒரே வண்டிக்கு நாலைந்து கோணம் கிடைத்துவிடும். ஆனால் அவற்றில் மண்வெட்டி, விளக்கு, மூடி என்று பலதும் காணாமல் போயிருக்கும். ஜெர்மானியர் பழுதுபார்த்துத் தங்களுக்கென்று பெயிண்ட் அடித்த வண்டிகளின் படங்களை நிறத்துக்குப் பார்க்காதீர்கள்.

மியூசியம் சக்கரங்களுக்குத்தான் உதவும். போலந்து 1931இல் இங்கிலாந்திடம் விக்கர்ஸ் நிறுவனத்தின் 38 ஆறு டன் டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதைத் திருத்தி உருவாக்கியதுதான் 7டிபி. சோவியத்தின் டி-26உம் அதே வம்சம்தான். அதனால் இங்கிலாந்தின் போவிங்டனிலும் பின்லாந்தின் பரோலாவிலும் இருக்கும் விக்கர்ஸ் வண்டிகளின் படங்களை வைத்து சக்கரம், அதிர்வு தாங்கும் பட்டை வில், சங்கிலிப் பட்டை ஆகியவற்றைத் தாராளமாகச் சரிபார்க்கலாம். பின்பகுதிக்கு மட்டும் அவற்றைத் தொடவே கூடாது. விக்கர்ஸில் காற்றால் குளிரும் பெட்ரோல் எஞ்சின் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். போலந்துக்காரர்கள் அந்த இடத்தில் தண்ணீரால் குளிரும் 110 குதிரைத்திறன் சௌரர் டீசல் எஞ்சினை வைத்தார்கள், அது உயரமானது. டரட்டுக்கு (துப்பாக்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு) பின்னால் எஞ்சின் அறை மேலெழுந்து பெட்டி மாதிரி தெரிவது அதனால்தான். பக்கவாட்டுப் படத்தில் நான் முதலில் பார்ப்பதே இந்த இடத்தைத்தான்: பின்புறம் தாழ்ந்திருந்தால் அது 7டிபி இல்லை, விக்கர்ஸ். போலந்தில் ஓடிய விக்கர்ஸ் என்றால் பக்கங்களில் காற்றை உள்ளிழுக்கும் பெரிய கூடுகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்புறம் டரட். முதலில் வந்தவற்றில் இரண்டு சின்ன டரட், இரண்டு எந்திரத் துப்பாக்கி. பிறகு வந்தவற்றில் ஒற்றை டரட், 37 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி. ஒற்றை டரட்டின் பின்னால் ரேடியோவுக்கான பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். கூரையில் ருடால்ஃப் குண்ட்லாக் வடிவமைத்த பெரிஸ்கோப்பை விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னால் பார்க்க வைத்த கருவி அது, பிற்பாடு நேச நாட்டு டாங்கிகளிலும் வந்தது.

நிறத்தில்தான் அதிகம் சண்டை நடக்கும். சுமார் 1936 வரை மறைப்பு நிறத் திட்டுகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு போட்ட பழைய முறை. அதற்குப் பிறகு ஆலிவ் கலந்த பழுப்பின் மேல் மணல் சாம்பலும் அடர்பழுப்பும், ஓரம் மங்கும்படி தெளித்தது. 1939க்கு இரண்டாவதுதான் சரி. இதை அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கண்டுபிடிக்கும்போது அவசரப்படாதீர்கள். அப்போது புழங்கிய ஃபிலிம் வகைகளில் ஒன்றான ஆர்த்தோகுரோமேடிக் சிவப்பை உணராது. அதில் பழுப்பும் மஞ்சளும் இருண்டு விழும், நீலச் சாயல் வெளுத்துத் தெரியும். அதனால் வெளுத்த திட்டு எல்லாம் மணல்நிறம்தான் என்று ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதே வண்டியின் இன்னொரு படம் கிடைத்தால் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிற ஆளின் தோலும் புல்லும் எந்த அளவு இருண்டிருக்கின்றன என்று பாருங்கள்.

புத்தகங்களில் யானுஷ் மாக்னுஸ்கி எழுதியவற்றைத் தேடுங்கள். போலிஷ் தெரியாவிட்டாலும் படங்களும் படக்குறிப்புகளுமே போதும்.

எனக்குப் பிடித்த வழி, கத்தியை எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு குறிப்பிட்ட வண்டியை, ஒரு குறிப்பிட்ட படத்தைத் தேர்ந்துகொள்வது. பொதுவாக ஒரு 7டிபி என்று ஆரம்பித்தால் கிட்டின் வழிகாட்டித் தாள் சொல்வதைத்தான் செய்வோம். ஒரே வண்டி என்றால் எந்த ஃபெண்டர் (சங்கிலிப் பட்டைக்கு மேலுள்ள மட்கார்டு) நசுங்கியிருக்கிறது, எந்த மூடி திறந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவோம், மாடலுக்கு உயிர் வருவதே அங்கேதான்.

அடுத்து போலந்தின் டிகேஎஸ் என்ற குட்டி டாங்கி செய்கிற எண்ணம் இருந்தால் வேலை சுலபம். அது நிஜமாகவே மிஞ்சியிருக்கிறது, போலந்தில் ஓடும் நிலையிலும் உண்டு, ரஷ்யாவின் குபின்கா டாங்கி மியூசியத்திலும் ஒன்று நிற்கிறது. மீட்டெடுத்த வண்டிகளில் சில பாகங்கள் புதிதாகச் செய்து பொருத்தியவை, அதனால் அங்கேயும் ஆணி வரிசையை 1939 படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.