தாடை எலும்பு முறிவு: கரையும் பிளேட்டா, டைட்டானியமா?

கேள்வி: பைக்கில் விழுந்ததில் கீழ்த்தாடை, காதுக்குக் கீழே உடைந்துவிட்டது. தானாகக் கரையும் பிளேட், டைட்டானியம் அளவுக்குத் தாங்குமா டாக்டர்?

பதில்: ஒரே தடிமனில் தாங்காது. டைட்டானியத்தின் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, சுமார் 100 கிகாபாஸ்கல். கரையும் வகையான பாலிலாக்டிக் அமிலப் பிளேட்டுக்கு 3 முதல் 5 வரைதான். அதனால்தான் கரையும் பிளேட்டைத் தடிமனாகச் செய்கிறார்கள். ஆனால் எலும்பு நேராக இரண்டு துண்டாக உடைந்திருந்தால், முனைகள் முட்டிக்கொண்டு பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். மெல்லும்போது தாடைக் கோணத்தின், அதாவது காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்தின், மேல்விளிம்பு விரியப் பார்க்கும், கீழ்விளிம்பு அழுந்தும். அதனால் அங்கே மேலே ஒரு சின்ன பிளேட் போதும் என்று 1970களில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் அறுவை மருத்துவர் ஷாம்பியின் குழுவினர் காட்டினார்கள். முன்தாடையில் திருகும் விசையும் சேர்வதால் இரண்டு வேண்டும். எதைப் போட்டாலும் ஆறு வாரத்துக்கு முறுக்கு, சீடை கிடையாது.

கேள்வி: டைட்டானியம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். காந்தம் அதை இழுக்காது. பிளேட்டைச் சுற்றிப் படம் கொஞ்சம் கெடும். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பல் மருத்துவ மாணவன். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். லாக்டிக், கிளைகாலிக் அமிலக் கலவையில் செய்த கரையும் பிளேட் அதுவரை பெரும்பகுதி பலத்தோடு இருக்கும். நோயாளியாலும் அழுத்திக் கடிக்க முடியாது. பிறகு ஏன் டைட்டானியத்துக்கே கொடி பிடிக்கிறீர்கள்?

பதில்: மூன்றும் சரிதான் தம்பி. தகராறு ஆபரேஷன் மேஜையிலேயே ஆரம்பிக்கிறது. கரையும் ஸ்குரூவுக்கு எலும்பில் முதலில் மரை வெட்ட வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினாலும் ஸ்குரூவின் தலை முறிந்துவிடும். நெதர்லாந்தில் 2012இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில், கரையும் பிளேட் ஒதுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆபரேஷன் நடுவிலேயே டைட்டானியத்துக்கு மாற வேண்டியிருந்தது.

அதே மாணவர்: எலும்பில் உள்ள தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்த புதிய கரையும் பிளேட்டுகள் வந்துவிட்டனவே?

பதில்: விறைப்பு கூடியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டைட்டானியத்தின் பக்கத்தில் இன்னும் வரவில்லை. எலும்பு நொறுங்கியிருந்தாலோ, பல்லெல்லாம் போய்த் தாடை மெலிந்திருந்தாலோ பாரத்தைப் பங்குபோட ஆளே இல்லை. அங்கே தடித்த டைட்டானியம்தான். இன்னொன்று, மெதுவாகக் கரைவதும் வரமல்ல. மெதுவாகக் கரையும் வகையான சுத்தமான பாலி எல் லாக்டைடு பிளேட் வைத்த கன்ன எலும்பில் மூன்று வருடம் கழித்து வீக்கம் வந்ததை 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்கு?

பதில்: இங்கே நான் மாணவர் கட்சி. வளரும் எலும்பில் உலோகத்தை விட்டுவைக்கத் தயக்கம் உண்டு. எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். கரையும் பிளேட் நல்ல வழி. ஸ்குரூ முளைக்காத பல்லைக் குத்தாத இடமாகப் பார்க்க வேண்டும். முறிவு அதிகம் விலகாவிட்டால் பிளேட்டே தேவைப்படாது.

கேள்வி: எந்தப் பிளேட் அதிக பலம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: டைட்டானியம் பலமா, கரைவது பலமா?

பதில்: மேலே இருக்கிறது, படியுங்கள். முறுக்கு பற்றியும் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: கரையும் பிளேட் போட்டு மூன்று வாரம். நேற்று டக்கென்று சத்தம், இப்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை.

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள். இன்றே ஆபரேஷன் செய்தவரைப் பாருங்கள். அதுவரை கஞ்சி மட்டும்.