ஹீட் பம்ப்புக்கு மாறலாமா? வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்தான் ஹீட் பம்ப். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வெளியே மைனஸ் 5 டிகிரி இருக்கும்போது அந்தக் காற்றிலிருந்தே வீட்டுக்குச் சூடு எடுக்க முடியும் என்கிறார்கள். எப்படி நம்புவது?

உங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீஸருக்குள்ளிருந்து வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. ஹீட் பம்ப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெளிக்காற்றை ஃப்ரீஸராகவும் உங்கள் வீட்டை ஃப்ரிட்ஜின் பின்பக்கமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கை விறைக்கும் குளிரிலும் காற்றில் வெப்பம் நிறையவே இருக்கிறது. அது முழுக்கத் தீர்ந்துபோவது மைனஸ் 273 டிகிரியில்தான். குழாய்க்குள் ஓடும் வாயுவின் கொதிநிலை மிகக் குறைவு. உதாரணமாக, புரொபேன் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் உறையவைக்கும் காற்றிலிருந்தும் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டை உள்ளே அனுப்புகிறது. மின்சாரம் முக்கியமாகச் செலவாவது இந்த அழுத்தும் வேலைக்குத்தான்.

சாதாரண மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம் தரும். நல்ல ஹீட் பம்ப் மிதமான குளிரில் 3 முதல் 4 யூனிட் வரை தரும். கடுங்குளிரில் இது 2-க்கு அருகில் இறங்கும். நார்வே போன்ற குளிர் தேசத்திலேயே ஏராளமான வீடுகளில் ஹீட் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது வீட்டைச் சூடாக்க, கேஸில் தண்ணீரைக் காய்ச்சி அனுப்பும் பாய்லர் இருக்கிறது. மாறினால் பில் குறையுமா?

இரண்டு பில்களையும் எடுத்து, 1 யூனிட் மின்சாரத்தின் விலையை 1 யூனிட் கேஸின் விலையால் வகுங்கள். இரண்டும் கிலோவாட் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். வரும் எண்ணை உங்கள் பாய்லரின் திறனால் பெருக்குங்கள். மின்சாரம் கேஸைப் போல 3 மடங்கு விலை, பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால் 2.7 வரும். ஹீட் பம்ப் 1 யூனிட் மின்சாரத்துக்குத் தரும் வெப்பத்தின் ஆண்டு சராசரி அதற்கு மேல் இருந்தால் பில் குறையும், கீழே இருந்தால் ஏறும். விற்பவர் விளம்பரத்தில் காட்டும் எண் பெரும்பாலும் 7 டிகிரி வெளிக்காற்றில் அளந்தது. அதை விட்டுவிட்டு முழுப் பருவத்துக்கான சராசரியைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ரேடியேட்டர்களை எல்லாம் கழற்றி வீச வேண்டுமா?

நல்லவேளை, வாங்கும் முன்பே கேட்டீர்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே விடை காணலாம்.

பாய்லர் வழக்கமாக, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு 60, 70 டிகிரியில் தண்ணீரை அனுப்பும். ஹீட் பம்ப்புக்கு 35 முதல் 50 டிகிரிதான் சௌகரியம். தண்ணீரின் சூட்டை ஏற்ற ஏற்ற கம்ப்ரஸர் அதிகம் உழைக்கும், மின்சாரம் அதிகம் தின்னும். அதனால் குளிர் நன்றாக இறங்கிய ஒரு நாளில் உங்கள் பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை மட்டும் 50 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். குளியல் நீருக்கான சூட்டைத் தொட வேண்டாம். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். எல்லா அறையும் இதமாக இருந்தால் ரேடியேட்டர்கள் அப்படியே இருக்கட்டும். ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் அந்த அறையில் பெரியதாக ஒன்று மாற்றினால் போதும். வீடு முழுக்க நடுங்கினால், ஹீட் பம்ப்பை யோசிப்பதற்கு முன் பரணுக்கு வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட்டு, ஜன்னல் கதவு இடுக்குகளை அடைத்துவிடுங்கள். அதில் போடும் பணம் நீங்கள் எந்த மெஷின் வாங்கினாலும் உங்களுக்கே திரும்பி வரும்.

பெரிய மெஷினாகப் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்கிறார் நிறுவ வந்தவர். சரிதானா?

சரியில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது மெஷின், ஆனால் பில் எகிறுகிறது. வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். கம்ப்ரஸர் 6 நிமிடம் ஓடியது, நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பியது. வீட்டுக்குத் தேவை 6 கிலோவாட், போட்டிருந்ததோ 14 கிலோவாட். கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் தன்னால் முடிந்த அளவு வேகத்தைக் குறைத்துப் பார்த்தது. அந்தக் குறைந்த வேகமே அந்த வீட்டுக்கு அதிகம். இப்படி நின்று நின்று கிளம்பினால் மின்சாரமும் வீண், கம்ப்ரஸரின் ஆயுளும் குறையும்.

சதுர அடியை மட்டும் கேட்டு அளவு சொல்பவரை நம்பாதீர்கள். அறை அறையாகச் சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் பார்த்து வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைக் காகிதத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதே மெஷின் கோடையில் குளிரூட்டுமா?

அறைக்குள் நேரடியாகக் காற்று வீசும் வகை என்றால் தாராளமாக. உள்ளே இருக்கும் ரிவர்ஸிங் வால்வு வாயு ஓடும் திசையைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி என்று விற்பதும் இந்த ஹீட் பம்ப்தான்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் அனுப்பும் வகையில் கவனம் தேவை. ரேடியேட்டரில் குளிர்ந்த நீரை விட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல அது வியர்த்து, தரையும் சுவரும் ஊறிப்போகும். குளிரூட்டல் வேண்டுமென்றால் விசிறியால் அறைக்குள் காற்று வீசும், வடிகால் உள்ள ஃபேன் காயில் யூனிட்டுகளை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

காலையில் வெளி யூனிட்டிலிருந்து புகை வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.

அது புகை இல்லை, நீராவி. ஈரமும் குளிரும் சேர்ந்த காற்றில் வெளி யூனிட்டின் தகடுகளில் வெண்மையாக உறைபனி படியும். அதைக் கரைக்க மெஷின் சில நிமிடங்கள் தலைகீழாக ஓடும். முதலில் விசிறி நிற்கும், ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பனி கரைந்து சொட்டும், ஆவி கிளம்பும். பிறகு விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கீழே சொட்டும் தண்ணீரைத்தான். அது நடைபாதையில் ஓடி உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். யூனிட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கீழே ஜல்லி போட்டு வையுங்கள்.

வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போவதுதானே சிக்கனம்?

பாய்லர் காலத்துப் பழக்கம் அது. ஹீட் பம்ப் மெதுவாக, விடாமல் ஓடினால்தான் சிக்கனம். அணைத்துவிட்டு மாலையில் ஒரேயடியாக ஏற்றச் சொன்னால் தண்ணீரின் சூட்டைக் கூட்டித்தான் ஈடுகட்டும், மிச்சப்படுத்தியது கரைந்துவிடும். ஒன்றிரண்டு டிகிரி குறைத்து வையுங்கள், போதும். ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அப்போது நன்றாகவே குறைக்கலாம், ஆனால் குழாய் உறையும் அளவுக்கு விடாதீர்கள்.

புரொபேன் வாயு உள்ள மாடலை வாங்கலாமா? தீப்பிடிக்காதா?

தீப்பற்றும் வாயுதான். ஆனால் இந்த மாடல்களில் பெரும்பாலும் வாயு முழுதும் வெளி யூனிட்டுக்குள்ளேயே இருக்கும், வீட்டுக்குள் வருவது வெறும் தண்ணீர். ஜன்னல், சாக்கடைத் துளை இவற்றிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விட்டு வைத்தால் தாராளமாக வாங்கலாம். பழைய மாடல்களில் இருக்கும் ஆர்-410ஏ வாயு கசிந்தால் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 2,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். வேறு மாடல்களில் வரும் ஆர்-32 வாயுவுக்கு அது 675 மடங்கு, புரொபேனுக்கோ ஒற்றை இலக்கம்தான். அதனால் என் ஓட்டு புரொபேனுக்கே.